தங்கமீனின் வால் செட்டை கிழிஞ்சால்: திருகோணமலைத் தண்ணியில், திருகோணமலைச் சூட்டில் எப்படி ஆற்றுவது?

உப்புவெளி எழுதியது:

வணக்கம். ஃபான்டெயில் தங்கமீன், உடம்பு மட்டும் 8 சென்ரிமீற்றர் வரும். வாலின் மேல் மடலில் மூன்றிலொரு பங்கு கிழிஞ்சு தொங்குது, ஓரம் வெள்ளையா இருக்கு. 80 லீற்றர் தொட்டி, பின்னால் கொழுவுற பில்டர், கிணத்துத் தண்ணி. அதே தொட்டியில் கொமெற் வகைத் தங்கமீன் ஒன்றும் நிற்குது. மீன் சாப்பிடுது, அடியில் படுக்கேல்லை. கடையில் மஞ்சள் தூள் மருந்து ஒன்று பொட்டலத்தில் தந்தாங்க, பெயர் ஒட்டேல்லை. இன்னொருத்தர் பாமசியில் டெட்ராசைக்ளின் வாங்கித் தண்ணியில் கரைக்கச் சொல்றார். எதை முதலில் போடலாம்?

பாலையூற்று எழுதியது:

ரெண்டையும் போட வேண்டாம் தம்பி. பெயரும் அளவும் ஒட்டாத தூளுக்கு அளவு கணிக்க வழியே இல்லை, அதால் அது மருந்து என்ற கணக்கிலேயே வராது. மீன் சாப்பிடுது என்றால் யோசிக்க நேரம் இருக்கு.

முதலில் இது கிழிசலா, அழுகலா என்று பிரிச்சுப் பாருங்கோ. செட்டை என்பது எலும்புக் கதிர்களும் அவற்றுக்கு நடுவில் மெல்லிய சவ்வும். வலையிலோ கூரான கல்லிலோ பில்டர் குழாயிலோ பட்டுக் கிழிஞ்சால் ஓரம் நேராக, கதிரின் வழியே போகும். மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு ஓரத்தில் தெரியும், அது காயத்தை மூடுகிற புதுத் தோல். பயப்பட ஒன்றுமில்லை. அழுகல் என்றால் வெள்ளை தடிப்பா, பால் மாதிரி கலங்கி இருக்கும். ஓரம் அரிச்ச மாதிரி மேடு பள்ளமா இருக்கும், உள்பக்கம் சிவப்பு இழைகள் ஓடும். முக்கியமான வித்தியாசம், நாளுக்கு நாள் குறைஞ்சுகொண்டு போகும்.

கண்ணால் பார்த்து இதை நம்ப ஏலாது. தொட்டிக் கண்ணாடியில் வெளிப்பக்கமா அடிமட்டம் ஒன்றை ஒட்டி, மீன் அதற்கு நேரே வரும்போது காலையும் மாலையும் ஒரே கோணத்தில் படம் எடுங்கோ. ரெண்டு நாள் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வால் குறையுதா நிற்குதா என்று தெரிஞ்சுபோகும். மருந்து பற்றிய முடிவு அதற்குப் பிறகுதான்.

செட்டையின் அடி, அதாவது உடம்போடு சேருகிற சதைப் பகுதி, முழுசா இருந்தால் மிச்சம் எல்லாம் திரும்ப வளரும். காயத்தைத் தோல் மூடும், அதன் கீழ் புதுக் கலங்கள் கூடும், கதிர் நுனியில் இருந்து நீளும். அந்த வேலையை மீனே செய்யும். தண்ணி அதைக் கெடுக்காமல் பார்க்கிறது மட்டும்தான் எங்கட பொறுப்பு.

இன்று செய்ய வேண்டியது: கொமெற்றைப் பிரியுங்கோ, அல்லது காயப்பட்டதைத் தனியே எடுங்கோ. மீன் கழிவில் இருந்து வாற நஞ்சுகளான அமோனியா, நைத்திரைற்று, தண்ணியின் அமில காரத்தைக் காட்டுகிற பிஎச், மூன்றையும் பாருங்கோ. முதல் ரெண்டும் 0 ஆக இருக்க வேணும். எண்களை இங்கே போடுங்கோ.

உப்புவெளி எழுதியது:

அமோனியா லீற்றருக்கு 1 மில்லிகிராம், நைத்திரைற்று 0.25, பிஎச் 8. தண்ணி வெப்பம் மத்தியானம் 30 பாகை. தொங்குகிற துண்டை வெட்டி விடலாமா?

பாலையூற்று எழுதியது:

வெட்ட வேண்டாம், அதைப் பிறகு சொல்றேன். உங்கட பிரச்சினை இந்த எண்களில்தான் இருக்கு.

அமோனியா 1 என்பது எல்லா ஊரிலும் ஒரே 1 இல்லை. அதில் நஞ்சாக இருக்கிறது அயனாகாத, அதாவது மின்னேற்றம் இல்லாத, பகுதி. 28 பாகையில் பிஎச் 7 என்றால் அந்தப் பகுதி நூற்றுக்கு 0.7 அளவுதான். பிஎச் 8 என்றால் 6.5 ஆகும், ஏறக்குறைய பத்து மடங்கு. 30 பாகையில் இன்னும் கூடும். உங்கட தொட்டியில் இப்ப லீற்றருக்கு 0.07 மில்லிகிராம் மட்டில் நஞ்சு இருக்கு. 0.05 தாண்டினாலே செவுளும் செட்டை ஓரமும் எரியத் தொடங்கும். குளிர் நாட்டுக்காரர் எழுதின குறிப்பில் "அமோனியா கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை" என்று இருக்கும். முருகைக் கல்லும் சிப்பியும் கலந்த எங்கட கரையோர மணலில் வாற கடினமான கிணத்துத் தண்ணிக்கு அது பொருந்தாது.

இன்றைக்கே தண்ணி எடுத்து வையுங்கோ, விடிஞ்சதும் அரைவாசி மாற்றுங்கோ, அடுத்த நாளும் அரைவாசி. கிணத்தில் இருந்து நேரே ஊற்றக்கூடாது. நிலத்தடித் தண்ணியில் ஒட்சிசன் குறைவு, கரியமில வாயு கூட. வாளியில் எயர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடுகிற கல்) போட்டு ஒரு இரவு விட்டால் சரிவரும். அதுக்குள் பிஎச் கொஞ்சம் ஏறும், அதால் மாற்றுகிற தண்ணியின் பிஎச்சை விடிஞ்ச பிறகு அளக்கிறதுதான் உண்மையான அளவு.

கிண்ணியாக்கரை எழுதியது:

இதோட ஒன்று சேர்க்கிறேன். டவுன் பக்கம் குழாய்த் தண்ணி பாவிக்கிற ஆக்களுக்கு, அது கந்தளாய்க் குளத்துத் தண்ணி சுத்திகரிச்சு குளோரின் போட்டு வாறது. கிணத்துத் தண்ணியை விட மென்மை, பிஎச்சும் பெரும்பாலும் குறைவு. ஆனா குளோரின் கிழிஞ்ச செட்டையைச் சுடும். 24 மணி நேரம் எயர் ஸ்டோனோட வாய் அகன்ற பாத்திரத்தில விட்டா போயிரும். அவசரம் என்றா சோடியம் தயோசல்பேற்று 10 கிராமை 100 மில்லிலீற்றர் தண்ணியில கரைச்சு வைங்க. அதில 1 மில்லிலீற்றர் 10 லீற்றர் தண்ணிக்குக் காணும்.

தண்ணி வைக்கிற வாளி வெளியில இருந்தா நுளம்பு வலையால மூடிக் கட்டுங்க. மீன் இல்லாத தண்ணி ரெண்டு மூணு நாள் நிண்டா குடம்பி வந்துரும். டெங்கு பார்க்க வாற சுகாதாரப் பரிசோதகருக்கு "இது மீனுக்கு" என்டு சொல்லித் தப்ப ஏலாது, ஊருக்கும் கூடாது.

உப்புவெளி எழுதியது:

நன்றி. தனிப் பேசினில் வைக்கிறது நல்லதா? உப்பு எவ்வளவு? கடல் தண்ணி பக்கத்திலேயே இருக்கே, அதைக் கலந்தால் என்ன?

நிலாவெளி அக்கா எழுதியது:

பேசினுக்கு நான் பதில் சொல்றேன். 30 லீற்றருக்குக் குறையாத அகலமான பிளாஸ்டிக் பேசின், வெளிர் நிறம். கல், மணல், பிளாஸ்டிக் செடி ஒன்றும் வேண்டாம். கழிவு உடனே தெரிய வேணும், காயம் உரசவும் கூடாது. ஸ்பஞ்ச் பில்டர் ஒன்று, அதுவும் பழைய தொட்டியில் ஓடின ஸ்பஞ்ச். புது ஸ்பஞ்சில் அமோனியாவைக் குறைக்கிற நல்ல பக்ரீரியா வளர 4 முதல் 6 கிழமை எடுக்கும். அதுவரைக்கும் பில்டர் ஓடுதென்று நினைச்சுக்கொண்டு இருப்பீங்கள், அமோனியா ஏறிக்கொண்டு இருக்கும். பழைய ஸ்பஞ்ச் இல்லையென்றால் தினமும் 15 லீற்றர் மாற்ற வேண்டியதுதான், வேறு வழி இல்லை.

வலையால் பிடிக்காதேங்கோ. கிழிஞ்ச கதிர் வலைக் கண்ணில் கொழுவி மிச்சமும் கிழியும். கிண்ணம் ஒன்றைத் தண்ணிக்குள்ளேயே சாய்ச்சு மீனை உள்ளே ஓட்டி, தண்ணியோட தூக்குங்கோ. ரெண்டு தண்ணிக்கும் வெப்பம் 1, 2 பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. பேசினின் மூன்றிலொரு பங்கை ஈரத் துணியாலோ பலகையாலோ மூடினால் மீன் நிழலில் நிற்கும், பாயவும் மாட்டாது.

மீன் நல்லா நீந்தித் திரியுது, கொமெற்றைப் பிரிக்கலாம் என்றால் பேசினே தேவையில்லை. பழகின தொட்டியில், ஓடுகிற பில்டரோட விடுறது பேசினில் அடைக்கிறதை விடப் பல நேரம் நல்லது. உங்கட தொட்டியில் அமோனியா இருக்கிறபடியால் மட்டும்தான் பேசின் சொல்றேன்.

கிண்ணியாக்கரை எழுதியது:

உப்புக்கு வாறன் சகோ. மீனிர ரத்தத்தில உப்பு லீற்றருக்கு 8, 9 கிராம் அளவுக்கு இருக்கு. வெளித் தண்ணியில அதை விட நல்லாக் குறைவு. காயம் இருந்தா அந்த வழியால தண்ணி உள்ள ஊறும், உப்பு வெளிய போகும், மீன் அதைச் சமப்படுத்தச் சக்தி செலவழிக்கும். தண்ணியில உப்புக் கூட்டினா அந்தப் பாரம் குறையும், வழுவழுப்பும் கூடச் சுரக்கும். நைத்திரைற்று இருந்தா உப்பில உள்ள குளோரைட்டு அதைச் செவுளால உள்ள போக விடாது. உங்களுக்கு 0.25 இருக்கு, அதால உப்புப் போடுறது சரி.

அளவு: சுத்தமான கிழிசலுக்கு லீற்றருக்கு 1 கிராம். அழுகல் தொடங்கியிருந்தா 2 இருந்து 3. ஒரே தரத்தில கொட்டாம மூணு பங்காப் பிரிச்சு, 12 மணி நேரத்துக்குள்ள, வேற பாத்திரத்தில முழுசாக் கரைச்சு ஊத்துங்க. கரையாத கல் உப்பு அடியில கிடந்து மீன் வாயில எடுத்தா உள்வாய் சுடும், தங்கமீன் அடியில கிடக்கிற எதையும் வாயில போடும். கரண்டிக் கணக்கு வேணாம். கல் உப்பு ஒரு தேக்கரண்டியும் தூள் உப்பு ஒரு தேக்கரண்டியும் ஒரே நிறை இல்ல. சமையல் தராசில நிறுங்க. அயடீன் போட்ட தூள் உப்பு மீனைக் கொல்லும் என்டு சொல்றது பிழை, இந்த அளவில அதில உள்ள அயடீன் பொருட்டே இல்ல.

இப்ப எங்கட ஊருக்கு முக்கியமானது. உப்புப் போட முன்னம் டிடிஎஸ் மீற்றரை (தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பு, கனிமங்களை லீற்றருக்கு மில்லிகிராமில காட்டுற கருவி) கிணத்துத் தண்ணியில வைங்க. கடற்கரைக் கிணறுகள் வெயில் காலத்தில உவராகும். 300 காட்டுற கிணறும் இருக்கு, 1500 தாண்டுற கிணறும் இருக்கு. மீற்றர் சுண்ணாம்புக் கடினத்தையும் சேர்த்துத்தான் காட்டும், அதால முழு எண்ணும் உப்பில்ல. ஆனா 1500 காட்டி, நாக்கில வைச்சா உவரும் தெரிஞ்சா, மேல 1 கிராமுக்கு மேல போடாதீங்க. சாதாரணமா 1 கிராம் போட்டா மீற்றர் 1000 அளவு ஏறும், அதை வைச்சுச் சரிபார்க்கலாம்.

கடல் தண்ணி வேணாம். கணக்குப் பார்த்தா கடலில லீற்றருக்கு 35 கிராம், ஒரு லீற்றருக்கு 85 மில்லிலீற்றர் கலந்தா 3 கிராம் வரும், அது சரிதான். ஆனா மாரியில ஆத்துத் தண்ணி கலந்து குடாக்குள்ள உவர் குறையும், கரையோரம் படகு எண்ணெயும் கழிவுத் தண்ணியும் கலக்கும். காயத்துக்குப் பக்கத்தில அதைக் கொண்டு போற அளவுக்கு உப்பு விலை இல்ல.

பாலையூற்று எழுதியது:

கிண்ணியாக்கரை சொன்னதில் ஒரு இடம் மட்டும் எனக்கு வேறு கருத்து. அழுகல் என்று சந்தேகம் வந்த உடனே 3 கிராமுக்கு ஏற வேண்டாம். அமோனியா இறங்கினதும் பாதி "அழுகல்" தானாக நின்றுவிடும். 1 கிராமில் ரெண்டு நாள் வைத்துப் படத்தை ஒப்பிட்டு, இன்னும் அரிக்குது என்றால்தான் ஏற்றுங்கோ.

இன்னொன்று, கட்டாயம்: பில்டருக்குள் சியோலைற்றுக் கல் வைத்திருந்தால் உப்புப் போட முன் எடுத்துவிடுங்கோ. அது அமோனியாவைப் பிடிச்சு வைத்திருக்கும். உப்புத் தண்ணி பட்டதும் சோடியத்தை எடுத்துக்கொண்டு பிடிச்சதைத் திருப்பி விடும். "உப்புப் போட்டேன், மீன் செத்துப் போச்சு" என்கிற கேஸ்களில் இதையும் பார்க்க வேணும்.

கிண்ணியாக்கரை எழுதியது:

ரெண்டு நாள் பொறுக்கலாம், ஒத்துக்கிறன். ஆனா ஒரு விதிவிலக்கு. ஓரத்தில சாம்பல் வெள்ளையா பஞ்சு மாதிரிப் படிஞ்சு, சில மணி நேரத்திலேயே கூடுறது தெரிஞ்சா பொறுக்க நேரமில்ல. புத்தகத்தில பஞ்சு என்டா பூஞ்சணம் என்டு இருக்கும். அது குளிர்த் தண்ணியில கூட வாறது. 28, 30 பாகையில பஞ்சைக் கண்டா முதல்ல கொலம்னாரிஸ் பக்ரீரியாவை நினைங்க. சூடு ஏற ஏற அது வேகமாப் பரவும், ஒரு நாளிலேயே வாலடிக்கு வந்துரும். அப்படி என்டா அன்றைக்கே 3 கிராம், தண்ணியைக் குளிர வைக்கிறது, மிருக வைத்தியரோட கதைக்கிறது.

நிலாவெளி அக்கா எழுதியது:

குளிர வைக்கிறது பற்றி. வெளிநாட்டு வீடியோ பார்த்து ஹீட்டர் வாங்கிப் போடுற ஆக்கள் இருக்கிறாங்கள், "சூடு கூடினால் செட்டை கெதியா வளரும்" என்று. 15 பாகைத் தண்ணி உள்ள நாட்டில் அது சரி. இங்கே தண்ணி ஏற்கெனவே தங்கமீனுக்குச் சூடு கூட. தங்கமீனுக்கு 18 முதல் 23 பாகை சுகம். 20 பாகைத் தண்ணி லீற்றருக்கு 9.1 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 30 பாகையில் 7.5 தான்.

மேசை விசிறியைத் தண்ணியின் மேற்பரப்புக்குச் சாய்வாகப் பிடிச்சால் 2, 3 பாகை இறங்கும். கச்சான் அடிக்கிற மாதங்களில் காற்று காய்ஞ்சு இருக்கிறதால் இன்னும் நல்லா வேலை செய்யும், மாரியில் அவ்வளவு பலன் இல்லை. ஆவியாகிக் குறைகிற தண்ணிக்கு உப்பில்லாத தண்ணியை ஊற்றுங்கோ. உப்பு ஆவியாகாது, குறைஞ்ச இடத்துக்கும் உப்புத் தண்ணி ஊற்றினால் நாளாக நாளாக உப்புக் கூடும். ஐஸ் போத்தல் வேண்டாம். மத்தியானம் 26, உருகின பிறகு 30 என்று ஏறி இறங்கினால் மீன் நொந்துபோகும்.

கரண்ட் நின்றால் 30 பாகைத் தண்ணியில் நேரம் அதிகம் கிடையாது. பவர் பேங்கில் ஓடுகிற சின்ன எயர் பம்ப் ஒன்று வைத்திருங்கோ. அதுவும் இல்லையென்றால் கோப்பையால் தண்ணியை அள்ளி ஒரு சாண் உயரத்தில் இருந்து திரும்ப ஊற்றுங்கோ. மீன் மேலே வந்து வாய் பிளக்க முதல் தொடங்க வேணும்.

உப்புவெளி எழுதியது:

எல்லாம் விளங்குது. டெட்ராசைக்ளின் ஏன் கூடாது? மெதிலீன் நீலம் கையில் இருக்கு. மஞ்சள் அரைச்சுப் பூசச் சொல்லியும் வீட்டில் சொல்றாங்க.

பாலையூற்று எழுதியது:

டெட்ராசைக்ளின் கல்சியத்தோடும் மக்னீசியத்தோடும் பிணைஞ்சு செயல் இழக்கும். எங்கட கிணத்துத் தண்ணியில் ரெண்டும் தாராளம். வெளிச்சத்திலும் சிதைஞ்சு தண்ணி பழுப்பாகும். மீனுக்குள் போறது சொற்பம், பில்டர் பக்ரீரியாவுக்கு அடி, அமோனியா திரும்ப ஏறும். அமொக்சிசிலினும் வேண்டாம். செட்டை அழுகலில் முன்னுக்கு நிற்கிற ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் ரெண்டும் கிராம் எதிர் வகை, அவற்றில் அது பெரிசாக வேலை செய்யாது.

உண்மையிலேயே அன்டிபயோட்டிக் தேவைப்பட்டால் உணவில் கலந்து கொடுக்கிறதுதான் முறை. அளவைப் பாருங்கோ: ஒக்சிடெட்ராசைக்ளின் மீனின் நிறையில் கிலோவுக்கு 75 மில்லிகிராம் என்று வைத்தால், 25 கிராம் மீனுக்கு ஒரு நாளைக்கு 2 மில்லிகிராமும் வராது. 250 மில்லிகிராம் குளிசை ஒன்றை நூற்றுக்கு மேற்பட்ட பங்காக்க வேணும். வீட்டில் கத்தியால் செய்ய முடியாத வேலை. மிருக வைத்தியர் கலந்து தரட்டும்.

மெதிலீன் நீலம் பூஞ்சணத்துக்கு நல்லது, பக்ரீரியா அழுகலுக்குப் பலன் குறைவு. பாவிக்கிறதென்றால் பேசினில் மட்டும். ஸ்பஞ்ச் பில்டரை எடுத்துப் பழைய தொட்டியில் விட்டு, எயர் ஸ்டோன் மட்டும் வையுங்கோ, இல்லாட்டி நீலம் பில்டர் பக்ரீரியாவைக் கொன்றுவிடும். லீற்றருக்கு 2 மில்லிகிராம். போத்தலில் 1 வீதம் என்று இருந்தால் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் இருக்கு, ஆகவே 30 லீற்றருக்கு 6 மில்லிலீற்றர். அரைவாசித் தண்ணி மாற்றினால் திரும்ப 3 மில்லிலீற்றர், 6 இல்லை. ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம்.

மஞ்சள் பூசுறதில் வீட்டாரின் அக்கறை விளங்குது, ஆனால் தூள் கரையாது, மிதந்து செவுளில் ஒட்டும். நாட்டு வாதுமையின் காய்ஞ்ச இலை ஒன்றைக் கழுவிப் போடலாம், தீங்கில்லை. கடினத் தண்ணியில் அது பிஎச்சை இறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தொங்குகிற துண்டு: அது தானாக விழும், அல்லது ஒட்டிக்கொள்ளும். ரெண்டு கதிருக்கு நடுவில் சவ்வு மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் பொருந்திவிடும். வெட்டுகிறதென்றால் மயக்க வேணும். கராம்பு எண்ணெய் ஒரு துளி ஏறக்குறைய 50 மில்லிகிராம். அதைச் சின்னப் போத்தலில் தண்ணியோட நல்லாக் குலுக்கி 1 லீற்றரில் கலந்தாலே மீன் சாயும். ரெண்டு மூன்று துளி தவறினால் செவுள் அசைவு நின்றுபோகும். செத்துப்போன, வெள்ளையான, பஞ்சு பிடிச்ச துண்டு வாலை இழுத்துக்கொண்டு திரிந்தால் மட்டும் இதை யோசிக்கலாம், அதுவும் பழகினவர் கையால்.

கிண்ணியாக்கரை எழுதியது:

தம்பி, கிழிஞ்சதுக்குக் காரணம் பார்த்தீங்களா? கொமெற்றிர செவுள் மூடியிலயும் முன் செட்டையிர முன் ஓரத்திலயும் சின்ன வெள்ளைப் புள்ளி வரிசையா இருக்கா என்டு பாருங்க. இருந்தா அது வெள்ளைப் புள்ளி நோயில்ல, ஆண் மீன் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிற அடையாளம். அந்த நேரம் ஃபான்டெயிலைத் துரத்தி வாலை முட்டிக் கிழிக்கும். கொமெற் ஒற்றை வால், வேகம் கூட. ஃபான்டெயில் ரெட்டை வால், மெதுவா நீந்தும். ரெண்டையும் சேர்த்து வைச்சா சாப்பாட்டிலயும் ஃபான்டெயில் பின்தங்கும்.

பில்டர் குழாய் வாயில ஸ்பஞ்ச் மாட்டுங்க. பிளாஸ்டிக் செடி இருந்தா பழைய நைலோன் காலுறையை அதில இழுத்துப் பாருங்க, இழை கொழுவினா செட்டையும் கொழுவும்.

நிலாவெளி அக்கா எழுதியது:

சாப்பாடு: பேசினில் இருக்கும்வரை ஒரு நாளைக்கு ரெண்டு தரம், ஒவ்வொரு தரமும் ஒரு நிமிசத்தில் முடிகிற அளவு. மூழ்குகிற பெலெற்றை ஊறவைத்துப் போடுங்கோ. செட்டை வளர புரதம் வேணும், அதால் பட்டாணி மட்டும் கொடுத்து விரதம் வைக்காதேங்கோ. அமோனியா 0.25 தாண்டின நாளில் தீனி நிறுத்தித் தண்ணி மாற்றுங்கோ, ஒரு நாள் பட்டினி தங்கமீனுக்கு ஒன்றும் செய்யாது.

உப்புவெளி எழுதியது:

பேசினுக்கு மாற்றியாச்சு. இப்ப அமோனியா 0, நைத்திரைற்று 0, விசிறியோட 27 பாகை, உப்பு லீற்றருக்கு 1 கிராம். படத்தில் வால் குறையேல்லை. வெட்டு ஓரத்தில் கண்ணாடி மாதிரி ஒரு விளிம்பு வருது, ஒரு இடத்தில் கறுப்பாவும் இருக்கு. கறுப்பு அழுகலா?

பாலையூற்று எழுதியது:

இல்லை, ரெண்டும் நல்ல அறிகுறி. கண்ணாடி மாதிரி இருக்கிறது புதுச் செட்டை, நிறம் பிறகுதான் ஏறும். கறுப்பு, காயம் ஆறுகிற இடத்துக்கு நிறக் கலங்கள் வந்து கூடுறது. அமோனியாவில் எரிஞ்ச இடம் ஆறும்போது அடிக்கடி வரும், சில கிழமையில் மங்கும். கறுத்த இடம் சிவந்து உதிர்ந்தால் மட்டும் சொல்லுங்கோ. இந்த வெப்பத்தில் சின்னக் கிழிசல் ஒன்றிரண்டு கிழமையில் மூடும், மூன்றிலொரு பங்கு வாலுக்கு ஒன்று ரெண்டு மாதம் எடுக்கும். முறிஞ்ச கதிர் கொஞ்சம் வளைஞ்சு வளரலாம், நீந்த அது தடை இல்லை.

கிண்ணியாக்கரை எழுதியது:

புது விளிம்பு 3, 4 மில்லிமீற்றர் வந்ததும் தொட்டிக்குத் திருப்பலாம், தொட்டியில அமோனியாவும் நைத்திரைற்றும் தொடர்ந்து 0 காட்டினா மட்டும். உப்பை ஒரே நாளில எடுக்காதீங்க. அரைவாசித் தண்ணியை உப்பில்லாத தண்ணியால மாத்தினா 1 கிராம் 0.5 ஆகும், அடுத்த நாள் 0.25. மூணாவது நாள் மீற்றர் கிணத்துத் தண்ணி அளவுக்குக் கிட்ட வந்திருக்கும், அப்ப மாத்துங்க. கொமெற்றை அதுக்குள்ள வேற தொட்டிக்குக் குடுத்துடுங்க.

உப்புவெளி எழுதியது:

கொமெற்றுக்கு மாமா வீட்டுச் சீமெந்துத் தொட்டி இருக்கு, நாளைக்கே மாற்றுறேன். தொட்டி புதுசாப் பூசினது, ஏதும் கவனிக்க வேணுமா?

நிலாவெளி அக்கா எழுதியது:

கவனிக்க வேணும். புதுச் சீமெந்தில் சுண்ணாம்பு கரைஞ்சு பிஎச் 10க்கு மேலும் போகும். தண்ணி நிரப்பி ரெண்டு மூன்று நாள் விட்டு முழுசா இறைச்சு, திரும்ப நிரப்பி, பிஎச் 8.5க்குக் கீழே வந்து நிற்கும் வரைக்கும் இதையே செய்யுங்கோ. அதுவரைக்கும் கொமெற் பழைய தொட்டியில் இருக்கட்டும், ஃபான்டெயில் பேசினில் இருக்கட்டும்.